அக்காவின் வண்டிக்கு இன்னொரு கூலர்

அக்கா ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாலே என் கையில் இருக்கும் ஸ்பானர் கனத்துவிடும். அவள் வருகிறாள் என்றால் வேலை வருகிறது என்று அர்த்தம். அதுவும் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாத வேலை. அன்றைக்கு ஒரு அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் அத்தான், அவளுடைய கைப்பை, தண்ணீர் பாட்டில், குடை மூன்றையும் சுமந்துகொண்டு. அத்தானை எப்போது பார்த்தாலும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரிதான் இருப்பார்.

"டேய், இதப் பிரி," என்றாள்.

பிரித்தேன். சின்னதாக ஒரு ரேடியேட்டர் போல இருந்தது. கறுப்பு அலுமினியம், நெருக்கமான தகடுகள், எண்ணெய் போக ஒரு வாய், வர ஒரு வாய். கியர்பாக்ஸ் கூலர். கியர்பாக்ஸில் ஓடும் எண்ணெய் சூடேறாமல் இருக்க, கம்பெனி வைத்திருப்பது போதாது என்று மேற்கொண்டு மாட்டிக்கொள்கிற சாமான்.

"எதுக்குக்கா இது?"

"எதுக்கா? துணி காயப்போட."

அத்தான் சிரித்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அக்காவுக்குச் சலவைக்கடை. அப்பா போன பிறகு அதை அவள்தான் எடுத்து நடத்தினாள். என்னைப் படிக்க வைத்தது, இந்த ஒர்க்‌ஷாப் வைத்துக் கொடுத்தது எல்லாம் அந்த நீராவியில் நின்றுதான். பெரிய ஸ்டீம் பிரஸ்ஸில் இடது காலால் பெடலை மிதித்து மேல் பலகையை இறக்க வேண்டும். மிதி, பிடி, விடு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே. தனக்கென்று அவள் ஒரு நல்ல செருப்பு வாங்கியதுகூட எனக்கு ஞாபகமில்லை. அப்படிப்பட்டவள் ஐம்பது வயதைத் தொடும்போது யாரையும் கேட்காமல் போய் இந்த வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

வெளியே பார்த்தால் ஆபீஸ் போகிறவர் வண்டிதான். நான்கு கதவு, சாம்பல் நிறம். இன்ஜின் மூடியைத் திறந்தால் உள்ளே பேய் உட்கார்ந்திருக்கும். ஆட்டோமேட்டிக் கியர். மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. லீவு நாளில் அங்கே கிளப்காரர்கள் கூடி நேரம் வைத்து ஓட்டுவார்கள். அக்கா அங்கே போக ஆரம்பித்தாள். முதல் நாள் கடைசி ஆளாக வந்தாள். அப்புறம் ஒவ்வொருவராகத் தாண்டினாள். இப்போது அவளுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான், ஒரு பல் டாக்டர். அவரிடமும் அச்சு அசல் இதே வண்டி.

அங்கிருந்து திரும்பி வருகிற அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு முகம் இருந்தது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், அந்த வண்டி அவள் கையை விட்டுப் போனால் அவளிடம் மிச்சம் இருப்பது அழுக்குத் துணி மூட்டைகள் மட்டும்தான்.

சிக்கல் என்னவென்றால், கொஞ்ச நாளாக நாலைந்து சுற்று ஓடியதும் கியர்பாக்ஸ் சூடாகி மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அக்கா மாட்டு வண்டி மாதிரி உருண்டு உள்ளே வருவாள். பல் டாக்டர் கையசைத்துக்கொண்டு போவார். இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் வருகிற லீவு நாளில்.

"அக்கா, இந்த கியர்பாக்ஸ எனக்குத் தெரியும். அந்தத் தடத்துக்குத் தனியா கூலரே தேவையில்ல. டாக்டர் வண்டியில இருக்கா? இல்லயே. நல்லாத்தானே ஓடுது?"

"வண்டி உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

இருபது வருடமாக கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டே பிழைக்கிறவன் நான். 'எனக்கு' என்று சொல்லியிருக்கலாம். அக்காவிடம் அப்படிச் சொன்னவர் யாரும் எங்கள் குடும்பத்தில் இல்லை.

என் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் குறை என்று யார் வந்தாலும், "வாயால சொல்லாதீங்க, ஓட்டிக் காட்டுங்க" என்று சொல்லிப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். பாதிக் குறை வண்டியில் இருக்காது, ஓட்டுகிற ஆளிடம் இருக்கும். ஊருக்கெல்லாம் இந்த வழக்கம். அக்காவுக்கு மட்டும் கிடையாது. அக்கா ஓட்டும்போது பக்கத்து சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. "ஆள் இருந்தா எனக்குக் கை வராது" என்பாள். காய்கறி வாங்கப் போனாலும் அத்தான் பின்சீட்டில்தான், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. நாங்கள் அதை வைத்துக் கேலி செய்வோம். அவ்வளவுதான், யாரும் அதை மாற்ற நினைத்ததில்லை.

ஆகவே ஓட்டிக் காட்டு என்று நான் கேட்கவில்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றினேன்.

முன்பக்க பம்பரைக் கழற்றினால்தான் இடம் தெரியும். ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வைத்தால் அதற்குப் போகிற காற்றை இது குடித்துவிடும். கியர்பாக்ஸைக் காப்பாற்றி இன்ஜினைச் சாகடித்த கதையாகும். ஓரத்தில், பம்பரின் காற்றுத் துவாரத்துக்குப் பின்னால் ஒரு பொந்து இருந்தது. கூலரைத் தாங்கிப் பிடிக்கத் தகரத்தை வெட்டி வளைத்து இரண்டு கை செய்தேன். அதிர்வில் உடையாமல் இருக்க ரப்பர் வைத்து முடுக்கினேன். கியர்பாக்ஸிலிருந்து வரும் சூடான எண்ணெய் முதலில் கம்பெனி கூலருக்குள் போய்விட்டு, திரும்பும் வழியில் இதற்குள் நுழைந்து, ஆறி, மறுபடி கியர்பாக்ஸுக்குப் போகும்படி குழாயை இழுத்தேன். குழாய் எங்கேயும் உரசக் கூடாது, மடங்கக் கூடாது. நடுவே ஒரு வால்வு. காலைக் குளிரில் எண்ணெய் ரொம்ப ஆறிக் கெட்டியாகிவிடாமல், சூடு ஏறிய பிறகுதான் அது கூலருக்கு வழிவிடும்.

அக்கா கடையை அத்தானிடம் விட்டுவிட்டு வந்து கண்கொத்திப் பாம்பாக நின்றாள்.

"அந்தக் கிளிப்ப இன்னும் முடுக்கு."

"முடுக்கினா குழாய் அறுந்துடும்."

"அறுந்தா உன்ன அறுத்துடுவேன்."

சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தேன். பிரேக் பேட் நான்கும் தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தன. போன மாதம்தான் புதிது போட்டேன்.

"என்னக்கா, பேட்ட கடிச்சுத் தின்றியா?"

"வேகமா போறவதான் பிரேக் போடுவா. உன்ன மாதிரி உருட்டிக்கிட்டுப் போறவனுக்கு அது எதுக்கு?"

சிரித்துவிட்டுப் புது பேட் போட்டேன். சிரித்தேனே தவிர யோசிக்கவில்லை.

எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியராக மாற்றி எண்ணெயை எல்லாக் குழாய்க்கும் அனுப்பி, மறுபடி அளவு பார்த்து ஊற்றினேன். தரையில் வெள்ளைக் காகிதம் விரித்து வைத்தேன். சொட்டு இல்லை. மேட்டு ரோட்டில் நான் மட்டும் எடுத்துப் போய் விரட்டிப் பார்த்தேன். சூடு பாதியைத் தாண்டவில்லை. வேலை என்றால் இது வேலை என்று எனக்கே கொஞ்சம் மார் விரிந்தது.

பந்தயத்தன்று நல்ல வெயில். காலையில் பழகுவதற்கான நேரம். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பதால் முதலில் நான்தான் எடுத்துப் போனேன். எனக்கு அக்காவின் வேகம் வராது. இருந்தாலும் பத்துச் சுற்று மூச்சுவிடாமல் ஓட்டினேன். கியர் எண்ணெய் சூடு காட்டும் முள் நடுவில் படுத்துத் தூங்கியது. இறங்கி வந்து சாவியை அக்காவிடம் கொடுத்தேன்.

"இனிமே மஞ்சள் விளக்கு எரிஞ்சா நான் மீசைய எடுத்துடறேன்."

"அது இருக்கறது யாருக்குத் தெரியுது?" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

பழகுகிற ஓட்டத்திலேயே நாலாவது சுற்றில் வேகம் குறைந்தது. ஐந்தாவது சுற்றில் மாட்டு வண்டி.

வண்டியைச் சுற்றிப் பிரேக் தீய்ந்த வாடை. அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கதவைத் திறக்கும் முன்பே ஆரம்பித்தாள். "உன் கூலர் ஒரு மண்ணும் செய்யல. ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் துப்பிருக்கா உனக்கு?" நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். யாரும் வாங்கவில்லை.

நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கசிவில்லை. கூலர் கை வைக்க முடியாத சூடு; அப்படியானால் எண்ணெய் உள்ளே ஓடுகிறது, வேலை நடக்கிறது. என் கையில் ஓடின வண்டி அவள் கையில் ஏன் ஓடவில்லை? தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோதுதான் பல் டாக்டர் பக்கத்தில் வந்தார். தங்கமான மனுஷர், அக்காவுக்குத்தான் அவரைக் கண்டால் ஆகாது.

"உங்க அக்கா நல்லா வித்தை காட்றாங்க," என்றார். "நேர் ரோட்டுல மிதிச்சுக்கிட்டுப் போறாங்க, ஆனா பின்னாடி பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. நான் பயந்து பயந்து காலை எடுக்கறேன். என்னைய ஏமாத்தத்தானே?"

"லைட் சுவிட்ச் கெட்டிருக்கும் சார்," என்றேன்.

சொல்லிவிட்டேனே ஒழிய நானே அதை நம்பவில்லை. காலையில் நான் ஓட்டியபோது சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது. தேய்ந்த பேட், தீய்ந்த வாடை, எரிகிற விளக்கு. வலது கால் ஆக்ஸிலேட்டரை மிதித்து முன்னால் தள்ள, இடது கால் பிரேக்கை மிதித்துப் பிடித்து இழுத்தால், நடுவில் மாட்டிக்கொண்டு வேகுவது கியர் எண்ணெய்தான். அதற்கு ஒரு கூலர் இல்லை, ஒன்பது கூலர் மாட்டினாலும் போதாது.

வண்டியின் மறுபக்கம் போய், கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

"இறங்குடா."

"ஒரு சுத்து மட்டும்."

"இறங்குன்னு சொல்றேன்ல?"

"எங்க கோளாறுன்னு காதால கேக்கணும். கீழ உக்காந்துக்கிட்டு எப்படிக் கேக்கறது?" என்று பொய் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சொல் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கே அது அதிசயமாக இருந்திருக்க வேண்டும், கிளப்பிவிட்டாள்.

நேர் ரோடு வந்ததும் குனிந்து பார்த்தேன். வலது கால் ஆக்ஸிலேட்டரில். இடது கால் பிரேக் பெடலின் மேல் பூனை மாதிரி ஏறி உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இடது கால எடு."

"எங்க இருந்து எடுக்க?"

"பிரேக்ல இருந்து."

"லூசாடா நீ? அது கீழ சும்மாதான் இருக்கு."

நான் மறுபடி குனிந்து பார்த்தேன். கால் அங்கேயேதான் இருந்தது. பெடல் லேசாக அமுங்கியிருந்தது. "வண்டிய ஓரம் கட்டு" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சில்லாமல் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். "இப்பக் கீழ பாரு" என்றேன்.

பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையைக் கீழே விட்டு, முழங்காலுக்குக் கீழே பிடித்து, அந்தக் காலைத் தூக்கித் தரையில் வைத்தாள். துணி மூட்டையை நகர்த்தி வைக்கிற மாதிரி.

"மரத்துப் போயிருக்கு," என்றாள். "காலைல இருந்து நின்னுக்கிட்டே இருந்தேன்ல."

"அதுதான்க்கா. அப்புறம் அந்த ஸ்டீம் பிரஸ்! இத்தனை வருஷமா இடது காலால மிதிச்சு மிதிச்சு, அது பெடலக் கண்டாப் போய் ஏறி உக்காந்துக்குது. பழக்க தோஷம்." சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்தது. பழக்கம் என்றால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு மாதம் கவனமாக ஓட்டினால் போதும். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன், அவளும் சிரித்தாள். அவள் பயந்திருந்தது அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

"இப்ப பந்தயத்துக்கு என்னடா பண்றது? கட்டிப் போட்டுடு."

"எதை?"

"கால. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இடது கால் எதுக்கு? கட்டிப் போடு. அந்த டாக்டர் மூஞ்சியில கரியப் பூசிட்டு வந்து அவுத்துக்கறேன்."

யோசித்தால் அதில் தப்பில்லை. கயிறு தேடினேன், இல்லை. அத்தான் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். அக்காவின் கணுக்காலை சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு அத்தான் நின்ற கோலத்தைப் பார்த்து அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்படியே இருங்க, ஜெயிச்சுட்டு வந்து போட்டோ எடுக்கறேன்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கொடி காட்டுகிறவர் அடுத்த ஆட்களைத் தயாராகச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

அத்தான் என் சட்டையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்ள, அவ போகக் கூடாது."

"ஏன் அத்தான், கட்டியாச்சே?"

"வீட்டுல நடக்கும்போது செருப்பு கழண்டுடுது. அவளுக்குத் தெரியறதில்ல, வெறுங்காலோட போய்க்கிட்டே இருக்கா. நான் பின்னாலயே போய் எடுத்துட்டு வந்து, அவ பாக்கறதுக்குள்ள கால்கிட்ட வெச்சுடுவேன். சொன்னா உன் மேல பாய்ஞ்ச மாதிரி என் மேல பாய்வா. அதான் ஷூ வாங்கிக் குடுத்தேன்."

"இடது கால் செருப்பா?"

அத்தான் பேன்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"சில நாள் இது. சில நாள் அது," என்றார்.

அத்தானை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. எதையும் செய்யவில்லை. பக்கத்து சீட்டில் உட்காராமல் இத்தனை நாள் இருந்தவன் நான். இரண்டு மனுஷர்கள் கூடவே இருந்து, அக்காவுக்குக் கோபம் வருமே என்று பயந்து, ஒருவர் செருப்பைத் தூக்கினார், ஒருவன் கூலர் மாட்டினான்.

ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவருகே போனேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எட்டி அணைத்தேன்.

"எதுக்குடா அணைச்ச?"

"ஒரு டெஸ்ட். டெஸ்ட் பண்ணாம நான் எந்த வண்டியையும் வெளிய விட மாட்டேன், உனக்கே தெரியும்ல. கண்ண மூடிக்கோ."

"விளையாட இதுவா நேரம்?"

"மூடுக்கா."

மூடிக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் சின்னதாக இருந்தது. "நான் உன் வலது காலத் தொட்டு நகத்துவேன். எந்தப் பக்கம் நகருதுன்னு சொல்லணும், அவ்வளவுதான்," என்றேன். "சரி சரி, சீக்கிரம்," என்றாள். கைகளை ஸ்டீயரிங்கில் வைத்தபடி, பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் மண்டியிட்டுக் குனிந்து, ஆக்ஸிலேட்டரின் மேல் இருந்த அவளுடைய பாதத்தை ஷூவோடு இரண்டு கைகளாலும் பிடித்தேன். மெதுவாக வலப்பக்கம் திருப்பினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இடப்பக்கம் திருப்பினேன். பிரேக் பெடலின் மேல் கொண்டுபோய் வைத்தேன், எடுத்தேன். ஷூவின் நாடாவை அவிழ்த்து, விரலை உள்ளே விட்டு, தோலைப் பலமாகக் கிள்ளினேன். என் நகம் பதிந்தது எனக்குத் தெரிந்தது. வெளியே கொடிக்காரர் அக்காவின் வண்டி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். பல் டாக்டர் தன் வண்டியைக் கிளப்பிவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். இவ்வளவு நாளும் இவள் இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் மிதித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படி ஓட்டித்தான் இத்தனை பேரைத் தாண்டியிருக்கிறாள்.

"என்னடா பண்ணிக்கிட்டிருக்க?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலேயே. "கூப்பிடறாங்க பாரு. தொடறதா இருந்தா சீக்கிரம் தொடு."

அவளுடைய பாதம் என் இரண்டு கைகளுக்குள் இருந்தது. கண்ணைத் திற என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.